கான்வென்டுக்குக் கிடா ஓட்டிப் போனது

தங்கையைக் கான்வென்டில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது அத்தாவின் பிடிவாதம். நான் நாலாவதோடு நின்றுவிட்டவன், இவளாவது படிக்கட்டும் என்று. ஒரே ஒரு இடம்தான் பாக்கி என்று கேள்விப்பட்டிருந்தோம். வேலந்தாவளம் சந்தையில் ஆட்டு வியாபாரம் அத்தாவைப் பிடித்து வைத்திருந்ததால் நான் போக வேண்டியதாயிற்று.

வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச். சுவர் மட்டும் மூன்று முழக் கனம் இருக்கும். கடவுளுக்கு இத்தனை பாதுகாப்பு எதற்கு, யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்று தோன்றியது. பக்கத்திலேயே கன்னியாஸ்திரீகளின் மடம். கதவில் ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் மலையாளத்துத் தலைமை சிஸ்டரின் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"ஞாயிறாழ்ச்ச குர்பானா கழிஞ்ஞிட்டு வா."

பட்டென்று ஜன்னல் சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை குர்பானி முடித்துவிட்டு வா என்றுதான் என் காதில் விழுந்தது. பக்ரீதுக்கு ஆடறுத்துப் பங்கு வைக்கிறோமே, அந்தக் குர்பானி. சர்ச்சில் கொடுத்து முடித்தால்தான் இடம் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மாவுக்கும் குழப்பம். "பக்ரீதுக்கு இன்னும் நாலு மாசங் கெடக்குது. அவங்களுக்கு எதுக்குடா குர்பானி?"

"சர்ச்சை அவங்க பள்ளின்னுதாம்மா சொல்றாங்க. நாமளும் மசூதியப் பள்ளிங்கறோம். பள்ளி பொதுவா இருக்கறப்ப குர்பானியும் பொதுவா இருக்குமாட்ட இருக்குது."

"அப்ப எளங்கெடாவா ஓட்டிட்டுப் போ. கெழட்டுக் கெடாவக் கண்டா எடமில்லைன்னு சொல்லிப் போடுவாங்க."

எனக்கோ வேறு கவலைகள். அறுப்பது நானா, அவர்களா? எந்தத் திசை பார்த்து அறுப்பது? தோல் யாருக்குச் சேரும்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு கையில் தங்கை, ஒரு கையில் கிடா. உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் சிலுவை நட்டிருந்த குருசடியின் கம்பியில் கிடாவைக் கட்டினேன். அது சிலுவைக்குப் போட்டிருந்த செவ்வந்தி மாலையில் கால்வாசியைத் தின்றுவிட்டது. கூட்டம் கலைந்து தலைமை சிஸ்டர் வந்தபோது மிச்சத்தையும் மென்றுகொண்டிருந்தது.

"இதெந்தா?"

நான் கிடாவின் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். தங்கைதான் சொன்னாள்: "குர்பானிக்குங்க, சிஸ்டர். நீங்கதான முடிச்சுட்டு வரச் சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் நின்ற இளம் கன்னியாஸ்திரீகள் வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டார்கள்.

"எடா, குர்பானான்னா எங்கட பூசை! அது கழிஞ்ஞு வரான் பறஞ்ஞது!"

எங்கள் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பூசை என்றே சொல்வார்கள். எனக்கு எங்கே தெரியும்? "தப்புங்க. எடத்த மட்டும் வேற ஆருக்கும் குடுத்துராதீங்க, சிஸ்டர்" என்று கும்பிட்டேன்.

அவர் தங்கையிடம் குனிந்தார். "மாலை தின்னும்போ நீ பிடிச்சில்லையா?"

"இழுத்தேனுங்க. உங்க மாலைய உட்டுட்டு வர அதுக்கு மனசில்லைங்க."

சிரிப்பை அடக்கியதில் சிஸ்டரின் உதடு துடித்தது. என் பக்கம் திரும்பி, "நீ எத்தன வரை படிச்சு?" என்றார்.

"நாலாவதுங்க."

"ம்" என்றார். நாலாவது என்ற ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டதுபோல. பிறகு மடத்துக் கதவை அகலத் திறந்தார். "மோளே, நீ அகத்து வா. ஆடும் அண்ணனும் வெளியில நிக்கட்டே."

கதவு மூடியது. மனம் மாறிவிட்டால்? உள்ளே யாரோ தங்கையின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதும் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.