கொட்டாஞ்சேனைக்குப் பெண் கேட்கப் போனோம்

காலை எட்டுப் பத்துக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். கொட்டாஞ்சேனைக்கு ஆளுக்குப் பதினேழு ரூபாய். தூரம் பத்துக் கிலோமீற்றர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டு பேருக்கும் சீற் கிடைத்தது. பக்கத்தில் இருந்த வெய், முந்நூற்று இருபது ரூபாய் கொடுத்து வாங்கிய ரிப்பன் கேக் பெட்டியை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

வெய்க்கு இருபத்தொன்பது வயது. மூன்று வருடத்துக்கு முன் தென்சீனத்திலிருந்து வந்து, காலி வீதியில் அவனுடைய மாமா நடத்தும் பல் வைத்தியசாலையில் பொய்ப்பல் செய்கிறான். எட்டு மாதமாக மாலையில் என் வீட்டுக்கு வந்து ஆங்கிலம் படிக்கிறான். அந்த வைத்தியசாலையில் தொலைபேசிக்குப் பதில் சொல்பவள் ஸ்டெல்லா, கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண். அவளைக் கட்டித் தரும்படி அவளுடைய தாயிடம் கேட்கத்தான் இந்தப் பயணம். மாமா சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பெரியவர்கள் யாராவது கூட வர வேண்டும் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதுவரை யாரும் என்னைப் பெண் கேட்க அழைத்துப் போனதில்லை.

யுத்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

பம்பலப்பிட்டி தாண்டியதும் வெய் பாடக் கொப்பியை விரித்தான். மூன்று வாரமாக நாங்கள் படித்தது ஒரே ஒரு சொல்: ‘கெட்’. கடிதம் கிடைத்தாலும் கெட், மழையில் நனைந்தாலும் கெட், படுக்கையை விட்டு எழும்பினாலும் கெட், காய்ச்சல் சுகமானாலும் கெட். நாற்பத்தொரு கருத்தை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே சீனத்தில் வேறு வேறு சொல் போட்டிருந்தான்.

“மிஸ், எங்கட பாஷையில் நாற்பது பேர் செய்கிற வேலையை இது ஒன்றே செய்கிறது. களைக்காதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“உனக்கு இன்றைக்கு ‘கெட் மேரீட்’ மட்டும் போதும். மற்றதை மற,” என்றேன்.

எட்டு ஐம்பதுக்கு நகர மண்டபத்துக்குக் கிட்ட எல்லோரையும் இறக்கினார்கள். சோதனைச் சாவடி. வரிசையில் நடந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். வடக்கிலிருந்து வந்தவர்கள் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்து நீட்டினேன். ஆமிக்காரர் அதை முன்னும் பின்னும் புரட்டினார். இந்தச் சோதனை மட்டும் எத்தனை தரம் போனாலும் பழகாது.

“கொஹெத யன்னே?” என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்.

நான் வாய் திறக்குமுன் வெய் முந்திக்கொண்டான். “மிஸ் அன்ட் ஐ, டுடே கெட் மேரீட்!”

ஆமிக்காரர் என் நரையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். கேக் பெட்டியைப் பார்த்தார். நான் பதறிப்போய்ச் சிங்களத்தில், “இல்லை, இல்லை, நான் டீச்சர். பெண் கொட்டாஞ்சேனையில்!” என்றேன். அவர் பக்கத்தில் நின்ற மற்ற ஆமிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது. “ஹரி, ஹரி, யன்ன டீச்சர்.” சரி, சரி, போங்கள் என்றார்.

மருதானை, ஆமர் வீதி எல்லாம் கடந்து ஒன்பது இருபத்தைந்துக்குக் கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கம் பேராலயத்தின் பெரிய குவிமாடம், ஒரு பக்கம் கோயில் மணி, கூரைகளுக்கு மேலே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள். பூசை முடிந்த பெண்கள் பேக்கரியில் பாணுக்கு நின்றார்கள். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் நாலாவது வீடு.

ஸ்டெல்லாவின் தாய் பிலோமினா துறைமுகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. இரண்டு மகன்கள், ஒருவர் இத்தாலியில், ஒருவர் கனடாவில்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. ஆனா நீங்க ஒண்ணும் பேச வேணாம். அவரு வாயால கேக்கட்டும்.”

வெய் எழுந்து நின்றான். கேக் பெட்டி இன்னும் அவன் கையில்.

“ஆன்ட்டி, ஐ வோன்ட் டு கெட் யுவர் டோட்டர்.”

பிலோமினாவின் முகம் சிவந்தது. “என்ன டீச்சர் இது? எங்க புள்ள என்ன, கடைச் சாமானா, வந்து ‘கெட்’ பண்ணிட்டுப் போக?”

மூன்று வார உழைப்பு இப்படிப் போயிற்றே என்று நினைத்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது.

“அக்கா, பொம்பிளை எடுக்கிறது எண்டுதானே நாங்களும் சொல்லுறனாங்கள்? அவர் இங்கிலிஷில தமிழ் கதைக்கிறார்.”

பிலோமினா கொஞ்சம் யோசித்தார். பிறகு உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஆனால் சிரிப்பு நின்றதும் அவர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. “என் பிள்ளைகள் இரண்டு பேர் போய்விட்டார்கள். இவளையும் சீனாவுக்குக் கூட்டிப் போவாயா?”

வெய் கொப்பியைத் தேடவில்லை. சொற்களை ஒவ்வொன்றாக வைத்தான். “ஹியர் வோர். எவ்ரிபடி கெட் அவுட். ஐ டோன்ட் கெட் அவுட்.” இங்கே யுத்தம், எல்லோரும் போகிறார்கள், நான் போகமாட்டேன் என்கிறான்.

வெளியே பாண்காரனின் சைக்கிள் மணி கேட்டது. பிலோமினா, எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த மகள் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்ற?”

“நான் ரெண்டு வருஷமா ‘ஓம்’ சொல்லிட்டுத்தான் இருக்கேன் மம்மி. நீங்கதான் கேக்கல்ல.”

“சரி. அப்ப தை மாசம் வச்சிக்குவம். டீச்சர், இவருக்கு இங்கிலிஷ் படிச்சது காணும். இனிமே தமிழ் படிச்சுக் குடுங்க.”

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். “சோறு எடுங்க தம்பி. மீன் எடுங்க.” இத்தாலி மகனின் அழைப்பு வந்ததும், “போன எடு ஸ்டெல்லா,” என்றார் தாய். பிறகு எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. வெய் என்னைப் பார்த்தான். “மிஸ், இந்த ‘எடு’ யார்?”

“கெட்டின் அண்ணன்,” என்றேன்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது யாழ்ப்பாணத்தில் ஒன்பது மாதம் இழுத்தது. சாதகம், காணி, நகை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது, அதுவும் பெண் நடுவில் உட்கார்ந்து சொன்ன பதிலோடு. பன்னிரண்டு நாற்பது பஸ்ஸில் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வெய் சத்தமாகப் பாடம் சொல்லத் தொடங்கினான். “எடு! எடுத்தேன்! எடுப்பேன்!”

அந்த நாட்களில், கேட்பவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று, பஸ்ஸில் நாங்கள் தமிழைக் குரல் தாழ்த்தித்தான் கதைப்போம். தொலைபேசி அடித்தால் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லி வைத்துவிடுவோம். நாலைந்து தலைகள் திரும்பின. நான் அவன் முழங்கையைப் பிடித்தேன். முன் சீற்றில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், என்ன விசேஷம் என்று கேட்டார். பெண் கேட்டோம், தந்துவிட்டார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்து, கல்யாணம் எப்போது என்றார்.

அவன் முழங்கையை விட்டேன்.

“எடுத்தேன் எண்டது சரி. இனிப் ‘பெண் எடுத்தேன்’ எண்டு முழுசாச் சொல்லு பாப்பம்,” என்றேன், குரலைத் தாழ்த்தாமல்.

பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னான்.