அரக்காஜுவில் இருக்கிறாள்

2009 ஜூனில் என் மகள் மடிக்கணினியைத் தோளில் போட்டுக்கொண்டு பிரேசிலுக்குப் போனாள். அரக்காஜு என்ற ஊர். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்குத் தெரிந்த எவரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. கோயிலில் ஒரு அக்கா, அது காட்டுக்குள்ளேயா என்று விசாரித்தார். கடற்கரைப் பட்டினம் என்றேன். எனக்கும் அதற்கு முந்தின வாரம்தான் தெரியவந்தது.

இணையத்தளம் வடிவமைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யலாமாம். மூன்று மாதம் அப்படிச் செய்து பார்க்க மேலாளர் சம்மதித்திருந்தார். என் கணவருக்கு அது வேலையாகவே படவில்லை. "மடியிலை பெட்டியை வைச்சுக்கொண்டு ஊர் சுத்துறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்கள்," என்பார்.

என் கவலை வேறு. அந்த வசந்தம் முழுவதும் அவள் மற்றத் தமிழ்ப் பிள்ளைகளோடு, ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றவள். மே மாதத்தில் எல்லாம் முடிந்த பிறகு அவளுக்கு நித்திரை இல்லாமல் போயிற்று. சாப்பிடக் கூப்பிட்டால் பாதிப் படி இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். இந்த நிலையில் தனியே போவதா என்று கேட்டேன்.

"அங்கை ஒருத்தருக்கும் எங்களைப் பற்றி ஒண்டும் தெரியாது அம்மா. எனக்கு அதுதான் வேணும்."

அங்கே அவள் லண்டன் நேரத்துக்கு வேலை செய்தாள். எங்களுக்கு ஒன்பது மணி என்றால் அவளுக்கு விடிய ஐந்து. பின்னேரங்களில் கணினியைத் திருப்பித் திருப்பி ஊரைக் காட்டுவாள். கண்டல் மரங்கள் நிற்கும் ஆற்று முகம், சுவரில் கட்டிய ஊஞ்சல் படுக்கை, கடற்கரைக் கடையில் மரச் சுத்தியலால் நண்டை உடைத்துத் தின்னும் குடும்பங்கள். மூன்றாம் வாரம், முந்தின இரவு எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டதாகச் சொன்னாள். நான் குசினிக்குள் போய் அடுப்பைத் துடைத்தேன்.

அவளுடைய முகவரியை ஒரு தாளில் எழுதி அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் அங்கே என்று நான் யோசிக்கவில்லை.

ஜூலையில் ஒரு மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மகளின் மேலாளர். காலையிலிருந்து அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, எங்கே இருக்கிறாள் என்று தெரியுமா என்று ஆங்கிலத்தில் மிகவும் தன்மையாகக் கேட்டார். அவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் அனுமதித்துத்தான் அவள் போனாள் என்பதும் தெரியும். ஆனாலும் இங்கேதான் இருக்கிறாள், காய்ச்சல், மேலே படுத்திருக்கிறாள் என்று சொன்னேன்.

லண்டனிலா என்று கேட்டார். ஆமென்றேன். சுகமாகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினேன். சரியாகச் செய்துவிட்டதாகவே கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது நான்கு பேர் வாசல் படலையில் வந்து நின்று அண்ணை எங்கே என்று கேட்டார்கள். அவர்களும் தன்மையாகத்தான் கேட்டார்கள். டியூசனுக்குப் போய்விட்டார் என்று உள்ளதைச் சொன்னேன். அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்; அண்ணை திரும்பி வரப் பதினொரு மாதம் ஆயிற்று. ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அதன் பிறகு எவர் யாரைத் தேடி வந்தாலும் எங்கள் வீட்டில் பதில் தயாராக இருக்கும்: காய்ச்சல், நித்திரை, தெரியாது.

பின்னேரம் மகள் ஒரு இணையக் கடையிலிருந்து அழைப்பு எடுத்தாள். மழையில் அவளுடைய வீட்டுப் பக்கம் மின்சாரம் இல்லை. மேலாளரின் மின்னஞ்சலை அப்போதுதான் பார்த்திருக்கிறாள். லண்டனுக்குத் திரும்பியதை மறைத்தது சரியில்லை, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வரவேண்டும், இந்த ஏற்பாடு இதோடு முடிந்தது என்று இருந்ததாம்.

"அம்மா, நான் அங்கை நிக்கிறன் எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தான் இனி என்ன சொன்னாலும் அவர் நம்பமாட்டார், நான்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்றாள். அப்படியே விட்டுவிட்டால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்த உடனே போய்விட்டது என்று இங்கே எழுத ஏலாது.

"எனக்கு இங்கை வந்துதான் நித்திரை வருது அம்மா," என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேலாளரை அழைத்தேன். நேற்றுச் சொன்னது பொய், அவள் அரக்காஜுவில் இருக்கிறாள், அங்கே மின்சாரம் இல்லை என்றேன். அவருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். பழைய பழக்கம் என்றேன். அதற்கு மேல் அவர் கிண்டவில்லை. இப்படி இன்னொரு தரம் நடந்தால் உதவும், அவளுடைய முகவரியைத் தரமுடியுமா என்றார்.

மேலே போய்ச் சேலைகளுக்கு அடியிலிருந்து தாளை எடுத்து வந்தேன். தெரு, வீட்டு இலக்கம், எத்தனையாவது மாடி. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடித்து எல்லாவற்றையும் திருப்பி வாசித்தார். அந்நியர் ஒருவரின் குரலில் என் பிள்ளை இருக்கும் இடம் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். சரிதானே என்று கேட்டார். சரி என்றேன்.

செப்டெம்பர் வரை அங்கேயே இருக்கலாம் என்று அவளுக்கு மின்னஞ்சல் போயிருந்தது. பின்னேரம் எடுத்தாள்.

"அட்ரஸும் குடுத்தனீங்களாமே?"

"ஓம். மாடியும் சொன்னனான்."

அண்ணையின் கதை அவளுக்குத் தெரியும். சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேட்டாள்.