கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்

விடுமுறைக்குக் குடும்பத்தோடு தங்க, ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் ஒரு வில்லாவை வாடகைக்கு எடுத்தோம். போனதுமே கேஸ், ஹீட்டர், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் பயந்து பயந்து பார்த்தேன். "வூட்டையே சோதனை போடுறியே, நீ என்ன போலீசா?" என்று கணவர் சிரித்தார்.

எங்களுக்கு ஊர் பென்னாகரம் பக்கம். காவிரியில் கரையைப் பார்த்து உட்கார்ந்துதான் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவோம். மறுநாள் காலை அதே பழக்கத்தில், நான்கு வயது மகளோடு கணுக்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து வந்த அலை எங்களைப் புரட்டிப்போட, பிள்ளை கையை விட்டு நழுவினாள். கத்தினேன். கரையில் ஒருவருமில்லை. எப்படியோ அவள் கவுன் விரலில் சிக்க, அவளைக் கரைக்கு இழுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வில்லா சமையல்கார அக்கா ஓடிவந்து, "கடலுக்கு முதுகு காட்டலாமா தாயி?" என்று திட்டினார்.

இப்போதெல்லாம் விடுமுறைக்கு வாடகை வீடு பார்க்கும்போது என் முதல் கேள்வியே, "கரையில ஆளுங்க இருப்பாங்களாங்க?" என்பதுதான். அமைதியான இடம் என்றால் வேண்டாம் என்றுவிடுகிறேன்.