அம்சவள்ளிக்கு எட்டாத வண்டி

அம்சவள்ளி மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்க வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. அத்தனை வருடமும் ஒரே முதலாளி, குத்தகைதாரர் வெங்கடாசலம். அதற்குள் அவரிடம் ஒன்றை மாற்றி ஒன்றாக மூன்று பிக்கப் வண்டிகள் வந்துவிட்டன. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே பெயர், மாடல்தான் புதுசு. எந்த மாடலில் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று வெங்கடாசலம் மணிக்கணக்கில் பேசுவார். அம்சவள்ளியைக் கேட்டால், பின்பெட்டி உயர்ந்துகொண்டே போகிறது என்பதோடு முடித்துவிடுவாள்.

முதல் வண்டிக்கு ஒரே நீளச் சீட்டு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. பெட்டியின் பக்கச்சுவர் அவள் இடுப்புக்கு மேல் வராது. தலையில் கூடையோடு வந்து லேசாகக் குனிந்தால் உப்பு தானாகச் சரிந்துவிடும். பக்கத்து ஊர் அனுமந்தையின் கருவாட்டுக்காரர்களுக்கு ஒரு நடையில் எண்பது கூடை போகும்.

இரண்டாவது மாடலில் ஏசியும் பின்சீட்டும் வந்தன. சீட்டு வந்த அளவுக்குப் பெட்டி சுருங்கி, அறுபது கூடையானது. சுவர் நெஞ்சுக்கு வந்தது. பின்சீட்டில் முதலாளியின் மாமியார் உட்கார்ந்தார். கூடைக்காரப் பெண்கள் எப்போதும்போல் பெட்டியில் நின்றபடியே வீட்டுக்குப் போனார்கள்.

மூன்றாவது வண்டி போன தை மாதம் வந்தது. பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுங்கியதும் முதலாளிக்குத் தாராள மனசு வந்துவிட்டது. அம்சவள்ளியையும் அவளோடு கூடை சுமக்கும் வசந்தாவையும் உள்ளே ஏற்றி ஒரு சுற்று காட்ட நினைத்தார். முதலில் பின்சீட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தார். வண்டி நகர்ந்ததும் டிங் டிங்கென்று கத்த ஆரம்பித்தது.

"இன்னா சத்தங்க அது?" என்றாள் அம்சவள்ளி.

"பெல்ட் போடலன்னா கத்தும். உயிருக்குப் பாதுகாப்பு."

"பத்தொம்போது வருசமா பின்னாடி நின்னுக்கினே போறோம். அதுக்குக் கத்தாதுங்களா?"

"அங்க சென்சார் கெடையாது" என்றார் வெங்கடாசலம், மிகப் பொறுமையாக.

மறுநாள் சுமை ஏற்றம். சுவர் இப்போது அவள் தோளுக்கு நின்றது. முதல் கூடையிலேயே விளிம்பு இடித்து, பாதி உப்பு பெட்டிக்குள்ளும் பாதி அவள் கழுத்துக்குள்ளும் விழுந்தது. கூடை உரசிய இடத்தில் ஒரு கீறல்.

"பாத்து கொட்டக் கூடாதா? பெயிண்ட் போச்சு."

"எட்டலைங்க. இவ்ளோ ஒயரம் எதுக்குங்க?"

"மலையெல்லாம் ஏறும் தெரியுமா?"

"மரக்காணத்துல ஏதுங்க மலை? நாங்க குவிச்சு வச்ச உப்பு அம்பாரந்தான் இருக்குது."

அவர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு ஏறிக் கொட்டச் சொன்னார். ஈரத்தரையில் நாற்காலியின் கால் புதைந்து வசந்தா கூடையோடு சரிந்தாள். முழங்கை சிராய்ப்பில் உப்பு பட்டு அவள் துடித்ததைப் பார்த்ததும் அம்சவள்ளிக்குக் கோபம் வந்தது.

"வண்டிய வாய்க்கால் ஓரம் பள்ளத்துல எறக்குங்க. நாங்க வரப்பு மேல நின்னு கொட்றோம்."

"உப்புத்தண்ணி பட்டா அடியெல்லாம் அரிச்சுடும்" என்றார் உப்பு வியாபாரி வெங்கடாசலம்.

பத்து நாள் இப்படியே போயிற்று. ஒரு நாள் அனுமந்தையில் நெத்திலி குவிந்துவிட்டது. கருவாட்டுக்காரர்கள் விடாமல் போன் அடித்தார்கள். வேறு வழியில்லாமல் முதலாளி வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். அரைமணி நேரத்தில் நாற்பது கூடை விழுந்தது; அந்தப் பெட்டி கொள்வதே அவ்வளவுதான். கிளப்பினார். சக்கரம் சேற்றில் சுழன்றதே தவிர வண்டி அசையவில்லை. உள்ளே பெரிய திரையில் வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கலர் படம் வந்தது. அவர் ஒரு குமிழைத் திருப்பினார். மணலுக்கு ஒரு படம், சேற்றுக்கு ஒரு படம், பனிக்கும் ஒரு படம். பனியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கடைசியில் பெண்கள் ஐந்து பேரும் மண்வெட்டி எடுத்து, ஏற்றிய உப்பை எல்லாம் மறுபடி வரப்பில் வாரிப் போட்டார்கள். உள்ளூரில் வாடகைக்கு ஓடும் ஐயப்பனின் டிராக்டர் வந்து பிக்கப்பை இழுத்தது. அதே டிராக்டரின் டிரெய்லரில், பக்கப்பலகையை இறக்கிவிட்டு ஏற்றிய உப்பு அனுமந்தைக்குப் போனது.

அன்றிலிருந்து உப்புக்கு டிராக்டர் என்றாகிவிட்டது. பிக்கப் கல்யாணங்களுக்குப் போகிறது, கட்சிக் கூட்டங்களுக்குப் போகிறது, வாரம் ஒருமுறை பொம்மையார்பாளையம் வாட்டர் வாஷ் கடைக்குக் குளிக்கப் போகிறது.

போன வாரம் வெங்கடாசலம் போனை நீட்டி, அடுத்த மாடலின் படம் காட்டினார். "கரண்ட்ல ஓடுமாம், அம்சா. புக் பண்ணலாம்னு இருக்கேன்."

அவள் கீழே கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்தாள். ஒரு நுனியைக் காலால் மிதித்து, நிமிர்ந்து நின்று, இடுப்புக்கு நேராக ஒரு முடிச்சுப் போட்டு அவரிடம் கொடுத்தாள்.

"ஷோரூமுல இத வச்சுப் பாருங்க. முடிச்சுக்கு மேல இருந்தா வாணாங்க."

அவர் சிரித்தார். இருந்தாலும் கயிற்றை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் டிராக்டர் வரப்பில் வந்து நின்றது. அம்சவள்ளி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.