காளை தின்றால் கல்லூரி

எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். திருச்சியில் விடுதியோடு பி.யு.சி. இடமும் கிடைத்தது. அப்பா ஒரு வருடம் கழித்துப் போகச் சொன்னார். காரணம், காளை.

எங்கள் மஞ்சுவிரட்டுக் காளை நான் தீனி வைத்தால்தான் தின்னும். கன்றிலிருந்து கையில் ஊட்டி அதைக் கெடுத்தவள் நான்தான் என்பது அப்பாவின் கட்சி. பொட்டலில் ஆட்களைத் தூக்கி எறிகிற மாடு, நான் போனால் ஏங்கி எலும்பாகிவிடுமாம்.

"தையில மஞ்சுவிரட்டு முடியட்டும்த்தா. அடுத்த வருசம் நானே கொண்டுபோய் விடுறேன். காலேசு எங்கிட்டு ஓடப்போகுது?"

கல்லூரி ஓடாது. என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். எங்கள் இலுப்பூர்ப் பக்கத்தில் வயது வந்த பெண் ஒரு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அடுத்து அவள் உட்காருவது மணவறையில்தான். இதைச் சொன்னால் வாய் நீளுது என்பார்கள். சொன்னேன். என்றார்கள்.

அம்மா மட்டும், "அவ இல்லாம மாடு திங்குதான்னு பாத்துட்டுப் பேசுங்க" என்றாள்.

அதனால் என்னைப் பக்கத்துத் தெருவில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாளே அத்தை ஓடிவந்து சொன்னாள்: "பருத்திக்கொட்டைய மோந்துகூடப் பாக்கலையாம்டி! கண்ணுல தண்ணி வடியுதாம்!"

ஊரே துக்கம் விசாரிப்பதுபோல் எங்கள் தொழுவத்துக்கு வந்து போனது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது எட்டிப் பார்க்காத பெரியப்பா, மாட்டுக்கு அச்சுவெல்லம் வாங்கிவந்தார்.

சித்தப்பா பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க இருந்தவர். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பார். "அது தேடுறது இவ வாசத்தை" என்று சொல்லி, கொடியில் கிடந்த என் பச்சைத் தாவணியை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு தீனி வைத்தாராம். கேள்விப்பட்டதும் ஓடினேன். பெரிய மீசையோடு, என் தாவணிக்குள் சித்தப்பா. தொட்டி காலி. காளை அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, பொண்ணு பாக்க எப்ப வரலாம்?"

சித்தப்பா தாவணியை உருவி எறிந்தார். "தெனம் இதைச் சுத்திக்கிட்டா எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? ஒரு வருசந்தானே, அவ பொறுத்துக்கட்டும்."

அவருக்குப் போவது ஓட்டு. எனக்குப் போவது ஆயுள். பற்றிக்கொண்டு வந்தது.

"மாடு தின்னுச்சா, இல்லையா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"தின்னுச்சு."

"அப்ப நான் போறேன்."

"தாவணிய யாரு போடுறது?"

"மாடு யாரு மாடு? ஊரு பூரா 'என் காளை, என் காளை'ன்னு சொல்றது நீங்கதானே?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். 'என் காளை இல்லை' என்று அத்தனை பேர் முன்னால் அவரால் சொல்ல முடியவில்லை. தாவணியை எடுத்து உதறித் துண்டுபோலத் தோளில் போட்டார். காளை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"முக்காடு போடணும்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா எல்லோரையும் வெளியே துரத்தினார்.

நான் திருச்சிக்குக் கிளம்பிய காலை, அம்மாதான் பெட்டியோடு பஸ்ஸுக்கு வந்தாள்.

"அப்பா வரலையா?"

"தீனி நேரம்த்தா. தொழுவத்து உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டாரு. கூப்பிட்டா கெட்ட வார்த்தையில வையிறாரு. நீ ஏறு."

ஏறினேன்.