கரோலின் தாத்தாவை ஆற்றிலிருந்து எடுத்த கதை

"ஆனந்தி, அந்தம்மாவோட தாத்தாவ நீங்க ஆத்துல போட்டுட்டீங்களாம். கோபமா லைன்ல இருக்காங்க. வந்து பேசுங்க."

மேனேஜர் சிவநேசன் சார் கூப்பிட்டபோது என் ரொட்டி சானாய் பாதிகூட முடியவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஷிப்டை விட்டுவிட்டு, மாசாயில் கடைவீட்டு மாடியில் இருந்த வரைபட ஆபீசில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் ஐந்து பேர். கையில் இருந்தது ஒரே புராஜெக்ட். அமெரிக்காவில் ஒரு கிராமப்புற மாவட்டம் தன் வரலாற்றுப் புத்தகத்துக்காகப் பழைய வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லியிருந்தது.

அந்த மாவட்டத்தையே சதுரம் சதுரமாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் வரிசைக்கு ஆறாக முப்பத்தாறு கட்டங்கள். பள்ளி, தேவாலயம், கல்லறை எது எந்தக் கட்டத்தில் என்று பழைய பதிவேட்டில் எண் இருக்கும். அதைப் பார்த்துப் புள்ளி வைப்பது என் வேலை. ஒன்றாம் எண் வலது மேல் மூலையில் என்று சொல்லியிருந்தார்கள். நான் இடப்பக்கமாக ஆறு வரை போட்டு, மறுபடி வலப்பக்கம் வந்து ஏழாம் எண்ணைத் தொடங்கினேன். யாரையும் கேட்கவில்லை. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

திரையில் கரோல் இருந்தார். மாவட்ட வரலாற்றுக் குழுவின் செயலாளர். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எங்க தாத்தாவுக்கு நீச்சல் தெரியாது, ஆனந்தி. பள்ளிக்கூடம் சரியா இருக்கு. சர்ச்சும் சரியா இருக்கு. அவரோட கல்லறை எப்படி ஆத்துக்குள்ள போச்சு? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். முடியலன்னா வேற ஆள பாத்துக்கறோம்."

அன்று புதன்கிழமை. அவர் வேறு ஆளைப் பார்த்தால் எங்கள் ஐந்து பேருக்கும் வேலை இல்லை.

படத்தைப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்து, ஒவ்வொரு புள்ளியும் ஆறு, சாலைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசைகளில் எல்லாம் சரி. இரண்டு, நான்கு, ஆறில் எல்லாம் தப்பு. விரலை ஒன்றாம் எண்ணில் வைத்து நகர்த்தினேன். ஆறாம் எண்ணில் வரிசை முடிந்தது. விரலைத் தூக்கி வலப்பக்கம் கொண்டுபோகும்போது சட்டென்று நின்றேன்.

என் அம்மா பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பள்ளி விடுமுறையில் நானும் வாளி தூக்கியிருக்கிறேன். ஒரு நிரை, அதாவது ஒரு வரிசை மரம் முடிந்ததும், தொடங்கிய இடத்துக்கு யாரும் சும்மா நடந்து போகமாட்டார்கள். பக்கத்து நிரையில் திரும்பி வெட்டிக்கொண்டே வருவார்கள். இந்தக் கட்டங்களுக்கு எண் போட்டவனுக்கும் கால் வலித்திருக்குமே!

ஏழாம் எண்ணை ஆறாம் எண்ணுக்கு நேர் கீழே வைத்து வலப்பக்கமாக எண்ணினேன். எட்டாம் கட்டத்துக் கல்லறை ஆற்றைவிட்டு மேட்டில் ஏறி உட்கார்ந்தது.

"சார், கெடச்சிருச்சு லா!"

"அலமாக், மெதுவா! கீழ்க் கடைக்காரங்க ஓடி வந்துருவாங்க" என்றார் சார். ஆனால் அவர்தான் முதலில் கை தட்டினார்.

மறுநாள் காலை கரோல் புதுப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். அம்மாவின் நிரையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க தாத்தா உழுததும் அப்படித்தான். வயலோட கோடியிலயே ஏர திருப்பிடுவாரு. மிச்சப் படத்தையும் நீங்களே போடுங்க."

அன்று எனக்கிருந்த சந்தோஷத்தில் சக ஊழியர்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்கிறேன். கேட்டுவிட்டு, நான் பெரிய கெட்டிக்காரி என்கிறார்கள். இல்லை. முதல் நாளே வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்தத் தாத்தா நனைந்திருக்கவே மாட்டார்.