நான் அறுக்காத தவளைகள்

இருபத்தேழு வருஷம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அத்தனை வருஷத்தில் ஒரு தவளையைக்கூட நான் அறுத்ததில்லை. இது என் வீட்டுக்காரருக்கும் லேப் அட்டெண்டர் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. வேறு பலரிடமும் என் வாயாலேயே சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை. அது எப்படி என்று பின்னால் வருகிறது.

கல்லூரியில் மேசைக்கு இரண்டு பேர். என் ஜோடி தைரியசாலி. அவள் அறுப்பாள், நான் படம் வரைவேன். படம் பிரமாதமாக வரும், ஏனென்றால் புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. கடைசித் தேர்வில் ஜோடி கிடையாது, சீட்டு எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் எடுத்தவர்களுக்கெல்லாம் தவளை. எனக்கு மட்டும் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள். ரத்தம் இல்லாத சமாச்சாரம். அந்த ஒரு துண்டுக் காகிதம்தான் என்னைப் பட்டதாரி ஆக்கியது.

வேலைக்கான நேர்காணலில், "டிசெக்‌ஷன் எல்லாம் நல்லா வருமா?" என்று கேட்டார்கள். "நல்லா வரும் சார்" என்றேன். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

அட்டெண்டர் அண்ணனுக்கு நன்றாக வந்தது. ஈரச்சாக்கில் தவளைகளைக் கொண்டுவருவது, குளோரோஃபார்ம் காட்டுவது, மெழுகுத் தட்டில் மல்லாக்கக் கிடத்திக் குண்டூசி குத்துவது, கத்தரிக்கோலால் வயிற்றைத் திறப்பது எல்லாம் அவர். நான் ஓர் அடி தள்ளி நின்று, நீளமான ஸ்கேலால் தொட்டுக் காட்டி விளக்குவேன். கண் மட்டும் எதிர்ச்சுவரில் இருக்கும். "இதுதான் நுரையீரல்" என்று சொல்லி ஸ்கேலை எங்கேயோ வைப்பேன். அண்ணன் ஒருவருக்கும் தெரியாமல் அதன் நுனியை நகர்த்தி நுரையீரல் மேல் வைப்பார். பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'சர்ஜன்'. கேட்டும் கேட்காததுபோல் பெருமையாக நடப்பேன்.

பதினாறாம் வருஷம் அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. செய்முறை வகுப்பைத் தள்ளிப்போடலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"எதுக்குத் தள்ளணும்? அவர் கூடமாட ஒத்தாசைக்குத்தான இருக்காரு. அறுக்கப்போறது நீங்கதானே டீச்சர்?" என்றார் அந்த அம்மா.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் முப்பது பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்றார்கள். வாளியில் ஆறு தவளைகள். என் கையில் குளோரோஃபார்ம் பாட்டில். மூடியைத் திருகவே இல்லை, அதற்குள் எனக்குத் தலை சுற்றியது. வாளிக்குள் ஒரு தவளை தொண்டையைத் துடிக்கவிட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே விழுந்து மானம் போவதற்குள் ஏதாவது பேசியாக வேண்டும். பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"இன்னைக்கு அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் யோசிப்போம்" என்று ஆரம்பித்தேன். "நம்ம படிப்புக்காக இந்த ஆறு உயிரை எடுக்கணுமா?"

வாயில் வந்ததைப் பேசினேன். பேசப் பேசத் தலைசுற்றல் குறைந்தது, அதனால் நிறுத்தவில்லை. கருணை என்றேன், பூமி எல்லா உயிருக்கும் பொது என்றேன். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். அரைமணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் வாசலில் தலைமையாசிரியை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கே கண்ணு கலங்கிடுச்சு டீச்சர். இனிமே நம்ம ஸ்கூல்ல தவளை அறுக்க வேணாம். மேல நான் பேசிக்கறேன். ஆனா பாடம் நடந்தாகணும். மாத்து வழி என்னன்னு நீங்களே சொல்லிடுங்க, ரெண்டு வாரத்துல."

தவளைகள் ஆறும் அன்று மாலையே குளத்துக்குத் திரும்பின. சிக்கியது நான்தான்.

என் வீட்டுக்காரர் பை தைக்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜிப், பக்கிள், ரெக்ஸின் துணி எல்லாம் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"ஆக, பயந்ததுக்குப் பாராட்டு வாங்கிட்டு வந்திருக்க."

"அதை விடுங்க. வயித்துல ஜிப் வெச்சு ஒரு தவளை தைக்க முடியுமா? உள்ள எல்லாத்தையும் தனித்தனியா எடுக்கற மாதிரி."

"பையின்னா தைப்பேன். தவளையும் ஒரு பைதானே."

நான் சொல்லச் சொல்ல அவர் வெட்டித் தைத்தார். பச்சை மழைக்கோட்டுத் துணியில் உடம்பு, கம்பளி நூலில் குடல். கல்லீரல் நீலமாக வந்தது. கேட்டதற்கு, "நீலந்தான் மிச்சம் இருந்துச்சு" என்றார். நெஞ்சு தொளதொளவென்று இருந்ததால், நானே யோசித்து இரண்டு பக்கமும் கம்பியை வளைத்து விலா எலும்பு வைத்தேன். கச்சிதமாக நின்றது.

வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஆசிரியர் அறையில் அவளைக் 'குறுக்குக் கேள்வி' என்றுதான் சொல்வோம். துணித் தவளையின் ஜிப்பைத் திறந்த கையோடு அவள் நிமிர்ந்தாள்.

"டீச்சர், தவளைக்கு விலா எலும்பு கிடையாதுன்னு போன வாரம் நீங்கதான் நோட்ஸ் குடுத்தீங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். காது மட்டும் சூடாக இருந்தது. பதினைந்து வருஷமாக எழுதிப்போட்டு மனப்பாடமான வரி. ஆனால் கண்ணால் பார்த்திருந்தால்தானே கைக்குத் தெரியும்?

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, லேப் அலமாரியில ஒரு ஜாடி இருக்கே, வயிறு திறந்த தவளை. அதை நான் ஒருதடவை ஒழுங்கா பாக்கணும். கூட நிப்பீங்களா?"

"பதினஞ்சு வருஷமா உங்க கண்ணு செவுத்துலதான் டீச்சர் இருந்துச்சு" என்றார் அவர். "என்னைக்காவது இறங்கும்னு நானும் பாத்தேன். வாங்க, ஒரு கையாலயே ஸ்டூலைப் பிடிச்சுப்பேன்."

மறுநாள் பள்ளி விட்ட பிறகு ஜாடியை மேசைமேல் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். மூன்று தரம் தண்ணீர் குடித்தேன். நான்காவது தரம் குடிக்கத் தோன்றவில்லை. மூன்று மடலாக விரிந்த கல்லீரல். மருந்தில் ஊறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் இடுக்கில் பாசிமணி அளவுக்குப் பித்தப்பை. விரல்விரலாக மஞ்சள் கொழுப்பு. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேனே என்று இருந்தது. விலா எலும்பு இல்லாத அந்த நெஞ்சில் இதயம், ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். வீட்டுக்காரரின் டேப்பைக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன்.

"சார் பாடம் எடுக்கறப்ப இப்படிப் பாத்திருந்தீங்கன்னா எனக்கு ஸ்கேல் நகத்துற வேலை மிச்சம்" என்றார் அண்ணன். அவருக்குச் சந்தோஷம் வந்தால் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் எல்லாரையும் சார் என்பார்.

இரண்டாவது தவளை சரியாக வந்தது. பிறகு ஆறு தைத்தோம். பக்கத்துப் பள்ளிகள் கேட்டன. உயிரியல் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில் என்னை மேடையில் ஏற்றி, உயிர்களுக்காகக் குரல் கொடுத்தவர் என்று சால்வை போர்த்தினார்கள். மனசு கேட்கவில்லை. மைக்கைப் பிடித்து, "கருணையெல்லாம் இல்லைங்க. எனக்கு ரத்தம்னா பயம். இதுவரைக்கும் ஒரு தவளையைக்கூட நான் அறுத்தது கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.  சபையே எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு தன்னடக்கத்தை நான் பார்த்ததே இல்லை என்று தலைவர் நன்றியுரையில் சொன்னார்.

கைதட்டாத ஒரே ஆள், துணித் தவளையைத் திறந்து காட்ட நான் கூட்டிப்போயிருந்த குறுக்குக் கேள்விதான். மறுவாரம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எனக்கு மாட்டு டாக்டர் ஆகணும். துணியை வெட்டி நான் என்னத்தைக் கத்துக்கறது? உசிரோட இருக்கறதைக் கொல்ல வேணாம், சரி. செத்ததையாவது நான் பாக்க வேணாமா?"

அவள் சொன்னது நியாயம். விசாரித்ததில் கால்நடை மருத்துவமனையில் சனிக்கிழமைகளில், பண்ணையில் நோயால் செத்த கோழிகளை அறுத்துக் காரணம் பார்ப்பார்கள் என்று தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் அம்மாவிடம் அனுமதி கேட்டு அவளை அழைத்துப்போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்தான். ஜாடியைப் பார்த்த தைரியத்தில், சால்வை வேறு வாங்கியிருக்கிறோமே என்று, நானும் உள்ளே போனேன்.

டாக்டர் கோழியின் நெஞ்சைத் திறந்து, "இங்க பாரு, ஈரல்ல வெள்ளைப் புள்ளி தெரியுதா?" என்று அவளிடம் கேட்டது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது பெஞ்சில் கிடந்தேன். பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்த ஓர் ஆடு என் சேலைத் தலைப்பை மென்றுகொண்டிருந்தது. குறுக்குக் கேள்வி நோட்டால் விசிறினாள்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"பரவாயில்லம்மா. நீ பாத்தியா?"

"பாதிதான் பாத்தேன். நீங்க விழுந்ததுல இதயத்தைப் பாக்க முடியாம போச்சு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, வெறும் வருத்தம்தான்.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாகப் போனாள். டீச்சர் வரவேண்டாம் என்று டாக்டரே சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு வருஷம் விடாமல் போய், பிறகு அந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாதம் என்னை வந்து பார்த்து, அன்றைக்கு வகுப்பில் என்னவெல்லாம் அறுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.